மும்தாஜ் அக்காவின் வேலி

செய்தி வந்தபோது நான் பஸ் ஸ்டாண்டில், கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தேன். தங்கையின் பேத்திக்குக் காது குத்து. டிரைவர் இன்னும் ஏறியிருக்கவில்லை. செல்போன் அடித்தது. அன்வர் பேசினான். மும்தாஜ் அக்காவின் தங்கை மகன்.

“கமலாம்மா, பெரியம்மா போய்ட்டாங்க.”

“எங்க போய்ட்டாங்க?” என்று கேட்டேன். நிஜமாகவே அப்படித்தான் கேட்டேன். அவன் சொன்னான்: “காலைல தோட்டத்துல தண்ணி ஊத்திக்கிட்டு இருந்திருக்காங்க. அப்படியே சாஞ்சிட்டாங்க. பால் ஊத்தற அம்மா பார்த்துட்டு போன் பண்ணாங்க. நான் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு.”

பக்கத்து வீட்டுக்காரி நான். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கிளம்பும்போது அந்தப் பக்கம் வாளி வைக்கிற சத்தம் கேட்டது. பஸ் போய்விடுமே என்று குரல் கொடுக்காமல் வந்துவிட்டேன். பதினைந்து வருஷமாகத் தினமும் குரல் கொடுத்தவள், அன்று மட்டும் கொடுக்கவில்லை.

அலுவலகத்தில் அவருடன் வேலை பார்த்தவர்கள், வேங்கிக்காலில் எங்கள் தெருவில் இருப்பவர்கள், அவர் வளையல் கடைக் குடும்பத்தார் எல்லோருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன். அவரைப் பற்றி உங்களுக்கெல்லாம் தெரிந்தது ஒன்று. தெரியாதது ஒன்று. தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன்.

மாவட்டம் பிரிந்த வருஷம் நான் வேலூரிலிருந்து மாற்றலாகி இங்கே கலெக்டர் ஆபீஸுக்கு வந்தேன். தபால் பிரிவில் எனக்கு நாற்காலி. எதிர் மேஜையில் டைப்பிஸ்ட் மும்தாஜ் அக்கா. என்னைவிட ஏழு வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்று தலைமுறையாக ஊருக்குள் வளையல் கடை வைத்திருக்கும் குடும்பம். ஆனால் அவர் மட்டும் வேங்கிக்கால் கடைசியில், அப்பா எப்போதோ வாங்கிப் போட்டிருந்த இருபத்தைந்து சென்ட் நிலத்தில் ஒரு சின்ன ஓட்டு வீடு கட்டிக்கொண்டு தனியாக இருந்தார். ஒரு கிணறு, இரண்டு மாமரம், வேம்பு, கொய்யா, நடுவில் இஷ்டத்துக்கு வளர்ந்த நொச்சிப் புதர். மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்குக் கிளுவை வேலி. பின்பக்கம் மட்டும் வேலி கிடையாது. அங்கிருந்து புறம்போக்குக் காடு, அதைத் தாண்டினால் மலை.

ஒரு சித்திரை மாதம் அவர் கொடுத்த லீவ் லெட்டர் அலுவலகம் முழுக்கப் பேச்சானது. ‘என் தோட்டத்தில் கௌதாரி குஞ்சு பொரித்துள்ளது. அவை மேயும் பக்கத்து நிலத்தில் நாளை டிராக்டர் விடுகிறார்கள். குஞ்சுகள் பறக்கும் வயதுக்கு வராததால் நான் உடனிருக்க வேண்டியுள்ளது’ என்று சுத்தமாக டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். அதிகாரி கூப்பிட்டுவிட்டார்.

“என்னம்மா இது? வயித்து வலின்னு எழுதக் கூடாதா?”

“வயித்து வலி இல்லீங்களே சார்.”

அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அடுத்த நாள் என்னிடம் மெதுவாக, “குஞ்செல்லாம் தப்பிச்சுதாமா?” என்று கேட்டார். எட்டும் தப்பித்தன. டிராக்டருக்கு முன்னால் அக்கா நடந்தே போயிருக்கிறார், நிலம் முழுக்க.

அவரைப் பார்க்கப் போய்ப் போய்த்தான் அந்த இடம் எங்களுக்கும் பிடித்துப்போனது. பக்கத்தில் மனை விலைக்கு வந்தது. என் கணவருக்கு அரசு பஸ்ஸில் கண்டக்டர் வேலை. கடன் வாங்கி வாங்கிப்போட்டோம். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே அக்கா என்னை நிறுத்தி வைத்துச் சொன்னார். “பாம்பு இருக்கு கமலா. இல்லேன்னு சொல்லி உன்னை வீடு கட்ட வெக்க மாட்டேன். சருகு மேல கால் வைக்காத, புதருக்குள்ள கை விடாத. அது போதும். உனக்கு சரின்னு பட்டா கட்டு.” எனக்குச் சரி என்று பட்டது. கட்டினோம். எனக்குத் தெரிந்தேதான் கட்டினேன் என்பதை இங்கே குறித்துக்கொள்கிறேன்.

பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும்போது அந்தத் தோட்டம் எப்படி இருக்கும் என்பதைப் பார்த்தவர்கள் உங்களில் சிலர்தான். வேப்பம்பூ கொட்டித் தரை வெளுத்திருக்கும். அவர் துணி காயப்போடும் கொடிக்கம்பியில் தேன்சிட்டு கூடு தொங்கவிட்டிருக்கும். அது பறந்து போகும்வரை அந்தக் கம்பியில் துணி போட மாட்டார். ஈரப் புடவையை எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குக் கொண்டுவருவார். செம்போத்துப் பறவை ஒன்று எஜமானி மாதிரி வேலியோரம் நடந்து போகும். தாய்க் கீரி முன்னே போக, மூன்று குட்டிகள் வாலைப் பிடித்தமாதிரி பின்னே ஓடும். கிணற்றடிக்குப் பக்கத்தில், கூழாங்கல் கிடக்கும் வெறும் தரையில் ஆள்காட்டிக் குருவி முட்டை வைக்கும். சுற்றிலும் நாலு செங்கல்லை நட்டுவிட்டு வருவார். “கூடே கட்டல பாரு. நாம மிதிக்க மாட்டோம்னு நெனச்சுத்தானே தரையில வெச்சிருக்கு” என்பார்.

விடிகாலையில் மான்கள் வரும். மலையில் சுனை வற்றியதும் காட்டு வழியாகக் கீழே இறங்கி, கிணற்றடியில் இருந்த கல்தொட்டிக்கு வரும். மூன்று, நான்கு, சில நாள் ஒன்றே ஒன்று. என் மகள் கவிதா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் நிற்பாள். தெருவில் நாய்கள் திரிந்தன. கிளுவை வேலி நெருக்கமாக இருந்ததால் ஒரு நாய்கூட உள்ளே நுழைய முடியாது. மான்களுக்கு அது தெரிந்திருந்தது. தலையைத் தூக்கிப் பார்க்காமலே குடிக்கும்.

கவிதாவுக்கு ஒன்பது வயது நடந்தபோது அது நடந்தது. முழுப்பரீட்சை முடிந்த லீவ். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். காற்றில் விழுந்த மாங்காய் ஒன்று உருண்டு வேலியடிச் சருகுக்குள் போயிருக்கிறது. எடுக்கப் போனாள். நான் அடுப்படியில் இருந்தேன். அவள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

நான் ஓடிப் பார்க்கும்போது கணுக்காலில் இரண்டு புள்ளி, ரத்தம் நிற்காமல் வடிந்துகொண்டிருந்தது. அக்கா முன்பே வந்துவிட்டிருந்தார். அன்று வீட்டுக்கு வந்திருந்த என் சின்ன மாமனார், “பக்கத்துல ஒருத்தரு மந்திரிக்கிறாரு, பத்தே நிமிஷம்” என்று அவளைத் தூக்கப் போனார். அக்கா நடுவில் புகுந்து குழந்தையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

“மந்திரிக்கிறத நாளைக்கு வெச்சுக்கலாங்க. இப்ப ஆஸ்பத்திரி.”

செருப்பில்லாமல் ரோட்டுக்கு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் வந்தது. ரோட்டின் நடுவில் நின்று கையை விரித்து அதை நிறுத்தினார். டிரைவர் வண்டியைத் திருப்பினான். வழியெல்லாம் குழந்தையின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். “தூங்காத கண்ணு. இன்னிக்குக் கொய்யாவுக்கு எத்தனை கிளி வந்துச்சு? எண்ணிச் சொல்லு. எண்ணு, எண்ணு.” டாக்டர் எந்தப் பாம்பு என்று கேட்டதும் உடனே சொன்னார்: “கண்ணாடி விரியன் சார். நான் பார்த்தேன். உடம்புல சங்கிலி மாதிரி இருந்துச்சு. சந்தேகமே இல்ல.” அதை அவர் சொன்னதால் நேரம் வீணாகவில்லை என்று டாக்டர் பிற்பாடு எங்களிடம் சொன்னார்.

சிறுநீரில் ரத்தம் வந்தது. வேலூருக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் அங்கே இருந்தோம். அக்கா லீவ் போட்டுவிட்டு எங்களுடனேயே இருந்தார். வராந்தாவில் தரையில்தான் படுக்கை. நான் அண்ணாமலையாருக்கு என்னென்னவோ வேண்டிக்கொண்டு அழுதபோது பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ உன் சாமிகிட்ட கேளு. நான் என் சாமிகிட்ட கேக்கறேன். யாருக்குக் காது கேட்டாலும் சரி.”

கவிதா பிழைத்தாள். வலது பாதம் மட்டும் இன்றைக்கும் கொஞ்சம் இழுக்கும்.

இதுவரை உங்களுக்குத் தெரியும். இனி எழுதப்போவதுதான் தெரியாதது.

வீட்டுக்குத் திரும்பிய அன்று காலை அக்கா எங்களுக்கு முன்பே வந்து என் வீட்டைப் பெருக்கித் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார். குழந்தையைப் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்தேன். அவர் கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தார். அந்தக் கிளுவை வேலியைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆனதோ தெரியாது. அன்று பேசியதை ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன்.

“அக்கா, உங்களுக்குக் குழந்தை இல்ல. அதனால உங்களுக்குத் தெரியாது. இந்தக் காட்ட வெட்டுங்க. ஒரு செடி விடாம வெட்டுங்க. இல்லேன்னா நாங்க வீட்டப் பூட்டிக்கிட்டுப் போறோம்.”

அவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: “கஞ்சி ஆறிடும் கமலா. பாப்பாவுக்குக் குடு. நாளைக்கு ஆளக் கூப்பிடறேன்.”

மூன்று நாள் வெட்டினார்கள். வைகாசி பிறந்த வாரம். எந்தப் புதரில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஆட்களோடு முன்னால் நடந்து, ஒவ்வொன்றையும் விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் வெட்டச் சொன்னார். மேற்கு மூலையை வெட்ட வேண்டாம், கடைசி நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஆள் கேட்டான், “ஏம்மா, எப்படியும் வெட்டத்தானே போறோம்?”

“ரெண்டு நாளு ஜாஸ்தி கெடைக்கட்டும்பா.”

அங்கே கௌதாரி அடைகாத்துக்கொண்டிருந்தது. ஒரு வாரம் கிடைத்திருந்தால் பொரித்திருக்கும். என்னிடம் வந்து ஒரு வாரம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்பதும் எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் முட்டைகளை முந்தானையில் எடுத்துக்கொண்டு போய், தெருக்கோடி வீட்டில் அடைக்கு இருந்த கோழிக்குக் கீழே வைத்தார். ஆறு பொரித்தன. ஆனால் குஞ்சுகள் ஓடி ஒளிய எங்கும் ஒரு செடி இல்லை. காக்காய் கொஞ்சம், பூனை கொஞ்சம். நாலு நாளில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆள்காட்டிக் குருவி இரண்டு நாள் எங்கள் வீட்டு மேலேயே கத்திக்கொண்டு சுற்றியது. நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். அப்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதையும் மறைக்கப் போவதில்லை.

பத்து நாள் கழித்து ஒரு விடிகாலை. ஒரு பெட்டை மான் தனியாக இறங்கி வந்தது. வெட்டவெளியாகக் கிடந்த இடத்தில் வழி புரியாமல் நின்றது. தொட்டியை நான் சொன்னேன் என்று அக்கா காலி செய்து கவிழ்த்துப் போட்டிருந்தார். மான் அதை மோந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரோட்டுப் பக்கமிருந்து நாய்கள் வந்தன. நான்கோ ஐந்தோ. காட்டுப் பக்கம் திரும்ப அவை விடவில்லை. மான் ஓடி வந்து எங்கள் இரும்பு கேட்டில் மோதி விழுந்தது.

நான் கதவைத் திறக்கும் முன்பே அக்கா துடைப்பத்தோடு நாய்களுக்கு நடுவில் புகுந்துவிட்டார். ஒரு நாய் அவர் முழங்கையைக் கடித்தது. அவர் கவனிக்கவே இல்லை. நாய்கள் விலகியபோது மானின் தொடையும் வயிறும் கிழிந்திருந்தன. அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். என் கணவர் வனத்துறைக்குச் சொல்ல சைக்கிளில் ஓடினார். அவர்கள் வருவதற்குள் அது அடங்கிவிட்டது. அதுவரை அக்கா அதன் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தார்.

கவிதா எனக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வந்து நின்றிருந்ததை நான் பார்க்கவில்லை.

“நீதானம்மா வேலிய எடுக்கச் சொன்ன” என்றாள்.

பதில் சொன்னவர் மும்தாஜ் அக்கா. மடியில் அந்தத் தலை இருக்கும்போதே நிமிர்ந்து பார்த்தார். “அம்மா உனக்காகச் சொன்னாங்க கண்ணு. நான் உன்னைப் பெத்திருந்தா நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.”

அதன் பிறகு எங்களுக்குள் பேச்சு நிற்கவில்லை. அது இன்னும் மோசம். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து எப்போதும்போல் பாதியை எனக்கு வைத்தார். ரம்ஜானுக்கு எப்போதும்போல் சேமியா வந்தது. அலுவலகத்தில் யாராவது, “தோட்டத்துல இப்ப யாரு வந்திருக்காங்க?” என்று விசாரித்தால், “எல்லாம் வெட்டிட்டேன், வயசாவுது, பயமா இருக்கு” என்று சிரித்தார். அவர் பயந்து நான் பார்த்ததில்லை. அந்தப் பதிலை எதிர் மேஜையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு, தபாலுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன்.

ஒரு முறை மன்னிப்புக் கேட்கப் பார்த்தேன். இரண்டு பேரும் பஸ்ஸில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். “அக்கா, அந்த வருஷம் நான்...” என்று தொடங்கினேன். “அங்க பாரு கமலா, ஏரியில தண்ணி வந்திருக்கு” என்று ஜன்னலுக்கு வெளியே காட்டினார். தண்ணீர் உண்மையிலேயே வந்திருந்தது. நானும் பார்த்தேன். அதோடு விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

மூன்று வருஷம் அந்த இடம் மொட்டையாகவே கிடந்தது. அப்புறம் ஒரு மழைக்காலத்தில் என் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“கமலா, ஒண்ணு கேக்கட்டுமா? பின்னால ஓரமா ஒரு நாலு கிளுவைக் கம்பு நடட்டுமா? உங்க பக்கம் இல்ல. பாப்பா நடக்கற பக்கமே இல்ல. கொஞ்சம்தான்.”

அவர் நிலம். அவர் அப்பா வாங்கிய நிலம். அதில் கம்பு நட என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டு மழையில் நின்றார், ஐம்பதை நெருங்கிய பெண். “நட்டுக்கோங்க அக்கா” என்றேன். அன்று சாயங்காலம் என் கணவர் மண்வெட்டியோடு போய்க் குழி தோண்டிக் கொடுத்தார். நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

வேலி வளர்ந்தது. நொச்சி தானாகவே தழைத்தது. தேன்சிட்டு வந்தது. கீரி வந்தது. ஒரு சித்திரையில் ஆள்காட்டி மறுபடி கிணற்றடியில் முட்டை வைத்தபோது அக்கா என்னை எங்கள் பக்கத்திலிருந்தே பார்க்கச் சொல்லிக் கைகாட்டினார். அவர் முகம் அப்படி மலர்ந்து அதற்கு முன்பு பல வருஷம் பார்க்கவில்லை. மான்கள் மட்டும் வரவில்லை. அதற்குள் புறம்போக்கில் பாதை போட்டு, வரிசையாக வீடுகள் வந்துவிட்டன. மலைக்கும் தோட்டத்துக்கும் நடுவில் வழி அற்றுப்போனது. நான் வெட்டச் சொல்லாமல் இருந்திருந்தால் அவை இன்னும் ஆறேழு கோடை வந்து குடித்திருக்கும். அதற்கு மேல் இல்லை. ஆனால் அந்த ஆறேழு கோடை இருந்திருக்கும்.

அன்று பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தபோது வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. குளிப்பாட்டி, வெள்ளைத் துணி போர்த்தி, மதியத் தொழுகைக்குள் எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் நாங்கள் வாசலோடு நின்றுவிட்டோம். தெருவில் ஒரு அம்மா, அக்காவை நல்லபடியாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: “எவ்ளோ செடி கொடி வெச்சிருந்தாங்க. பாம்புக்குப் பயந்துக்கிட்டு அவங்களே ஒரு தடவ மொத்தமா வெட்டிட்டாங்க, பாவம். மனசு கேக்காம மறுபடி வெச்சாங்க.” சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்றார்கள். எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை.

கவிதா இப்போது வேலூரில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். சேதி கேட்டுச் சாயங்காலம் வந்து சேர்ந்தாள். அந்த அம்மா சொன்னதை அவளிடம் சொல்லிவிட்டு, “ஒருத்தருக்குமே தெரியல பாரு” என்றேன். “நான் சொல்லலம்மா. சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க” என்றாள்.

“எப்போ?”

“மான் செத்த அன்னிக்கு. கையில தையல் போட்டுக்கிட்டு வந்தாங்க இல்ல, அப்ப. ‘அம்மா சொல்லித்தான் வெட்டுனேன்னு ஸ்கூல்ல, தெருவுல யார்கிட்டயும் சொல்லிடாத கண்ணு. உங்க அம்மா இந்தத் தெருவுல நடக்கணும் இல்ல’ன்னாங்க.”

அதற்குப் பிறகு நான் அந்தத் தெருவில் எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். கடைக்கு, கோயிலுக்கு, கல்யாணத்துக்கு. ஒருவரும் என்னை ஒரு மாதிரி பார்த்ததில்லை. கமலா மேடம், மும்தாஜ் மேடத்தோட சிநேகிதி என்றுதான் சொல்வார்கள். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது இதுதான். இத்தனை வருஷம் தலைநிமிர்ந்து நடந்தது என்னுடையது என்று நினைத்திருந்தேன். அவர் கொடுத்தது.

இதை நீங்கள் படித்த பிறகு அது என்னிடம் இருக்காது. பரவாயில்லை. மும்தாஜ் அக்கா பயந்து எதையும் வெட்டவில்லை. வெட்டச் சொன்னது நான்.